பன்னிரண்டாவது வீட்டின் வாசல்

பால்காரக்கா தன் மாட்டுக் கொட்டகைக்குப் புது அத்தாப்பு ஓலைக் கூரை போட்டபோது, மாட்டை உள்ளே கட்டுவதற்கு முன் தானே போய் வைக்கோலில் படுத்துக்கொண்டார். மழை பெய்யும் மத்தியானமாகப் பார்த்துத்தான் படுத்தார். ஒரு மணி நேரம் கழித்து, முதுகில் வைக்கோல் ஒட்டியபடி எழுந்து வந்து கூரை போட்டவரிடம் சொன்னார்:

“தலமாட்டுல ரெண்டு எடத்துல ஒழுகுது. கால்மாட்டுல சாரல் அடிக்குது.”

“இதையெல்லாம் மாடு வந்து சொல்லப்போவுதா அக்கா?” என்று அவர் சிரித்தார்.

“சொல்லாதுலா. அதனாலதான் நான் படுத்துப் பாத்தேன்.”

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதை நம்பும் பழக்கம்தான் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: “நின்னு பாத்தீங்களா?” பாசாரில் மீன் மலிவு என்றால் அதே கேள்வி. கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்த அவருடைய கணவர், அதிகம் பேசாத மனிதர், ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்குப் பசிக்குதுன்னு சொன்னாகூட வயித்தத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சோறு போடுவா, தம்பி.”

அந்தக் கணவரின் தங்கைக்குக் கெப்பாலா பத்தாஸில் ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை நல்லவர், நிலம் இருக்கிறது, வீடு விசாலம் என்று போய்வந்த எல்லாரும் சொன்னார்கள். அக்கா படகேறி அக்கரைக்குப் போய், மாட்டுவண்டி பிடித்து, அந்த வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் உட்காரச் சொன்னவர்களைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, “எல்லாம் சரி. ஆனா அடுப்படியில என்னால நிமிந்து நிக்க முடியல. எங்க பொண்ணு என்னவிட ஒசரம். கூரைய ஒரு முழம் தூக்குங்க, மறுநாளே தாம்பூலம் மாத்திக்கலாம்” என்றார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கோபித்தார்கள். பிறகு கூரையைத் தூக்கினார்கள். அந்தப் பெண் அந்த அடுப்படியில் நிமிர்ந்து நின்று சமைத்ததை நான் பின்னாளில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அக்கா அறிமுகமானது என்னுடைய ஒரு தவறினால்.

அப்போது எங்கள் தீவின் துறைமுக நகரமான ஜார்ஜ் டவுனில், சூலியா வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்துவந்த தமிழ்ப் பத்திரிகையில் நான் நிருபர். நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலங்களைக் கவனித்த போர்டு ஒன்றிலிருந்து வரும் அறிவிப்புகளைத் தமிழாக்கிப் போடுவதும் என் வேலை. ஒருநாள் நான்கு வரிச் செய்தி போட்டேன். குளுகோர் சாலையை ஒட்டிய காலி நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்க அதன் உரிமையாளர் அனுமதி கேட்டிருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் பதினான்கு நாளைக்குள் எழுதலாம் என்பது செய்தி.

மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் தகரத் தூக்கு மோதும் சத்தம் கேட்டது. படியேறி வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம். இடது காதில் மட்டும் தோடு இருந்தது. வலது காதுத் தோட்டை ஒரு கன்றுக்குட்டி தின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

“காலி நிலம்னு எழுதின ஆளு யாரு?”

அச்சுக் கோப்பவர் சற்றும் தயங்காமல் என்னைக் காட்டினார்.

“அங்க வந்து நின்னு பாத்தீங்களா?”

“இல்லக்கா. போர்டு நோட்டீஸ்ல அப்படித்தான் இருந்திச்சு.”

“நோட்டீஸ் எழுதின ஆளு நின்னு பாத்தாரா?”

“தெரியலியே.”

“சரி. நின்னு பாக்காத ரெண்டு பேரு சேந்துகிட்டு என் ஒம்பது மாட்டையும் காலி பண்ணிட்டீங்க. நல்லா இருங்க.” படியில் இறங்கப் போனவர் திரும்பி, “நாளைக்கு வாங்க. டிராமு முடியிற எடத்துலேர்ந்து ரெண்டு மைலு நடக்கணும். நல்ல செருப்பா போட்டுட்டு வாங்கலா” என்றார்.

போனேன். அது தென்னந்தோப்பு. அதன் பின்பக்கம், மலையை நோக்கிய ஓரத்தில், பதினான்கு குடும்பங்கள் தரைவாடகை கொடுத்துக் குடியிருந்தன. எல்லாரும் மாடு வைத்திருந்தார்கள். நகரத்தின் தெற்குத் தெருக்களில் காலைக் காப்பிக்குப் பால் அங்கிருந்துதான் போனது. தோப்பின் ஒரு பக்கம் சாலை, எதிர்ப்பக்கம் மலையிலிருந்து கடலுக்கு ஓடும் ஒரு சுங்கை; அகலம் பதினைந்து அடிக்கு மேல் இராத சிற்றாறு. கடல் பக்கமாதலால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மாடு வாய் வைக்காது. சுங்கையின் கரை நெடுகச் செங்குத்து. மாடு இறங்கக்கூடிய சரிவு ஒன்றே ஒன்று இருந்தது. காலையும் மாலையும் எல்லா மாடுகளும் அங்கேதான் இறங்கின.

தோப்பு முதலாளி கொடுமைக்காரர் அல்ல. பாசாரில் கொப்பரை வியாபாரம் செய்தவர். பெரிய உடம்பு, பெரிய குடை, பெரிய சிரிப்பு. கொப்பரை விலை விழுந்து கிடந்த வருஷம் அது. தென்னையைவிட வீடு நன்றாகக் காய்க்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். குடியிருப்பவர்களை அவர் எழுப்பவில்லை. சாலையிலிருந்து சுங்கை வரை, ஒரு சந்தின் ஓரமாக, வரிசையாகப் பன்னிரண்டு மனை பிரிக்கிறார், அவ்வளவுதான். பன்னிரண்டாவது மனை அந்தச் சரிவின்மேல் விழுந்தது.

“வீடு இருக்கும். மாடு இருக்கும். தண்ணி இருக்காது” என்றார் அக்கா, சரிவின் நடுவில் நின்றுகொண்டு. “அப்பறம் மாடு எத்தன நாளைக்கு இருக்கும்?”

போர்டு அலுவலகத்தில் சுவரில் பிளானை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க அவரோடு நானும் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, கோட்டுப் போட்ட தமிழர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, பொறுமையானவர். அக்கா வெகுநேரம் பிளானைப் பார்த்தார். முகத்தைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்னால் வந்தார்.

“இதுல எங்க சரிவு எது?”

குமாஸ்தாவின் விரல் பன்னிரண்டாம் எண்ணில் நின்றது.

“இதுல நான் எங்க நிக்கிறேன்?”

குமாஸ்தா யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “நீங்க பிளானுக்கு வெளிய நிக்கிறீங்கம்மா.”

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “அப்ப பிளானை வெளிய கொண்டாந்துட வேண்டியதுதான்” என்றார்.

அளவுகளை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மனையின் முகப்பு முப்பதடி. ஆழம் அறுபதடி. வீட்டுக்குள் கூடம், ஓர் அறை, பின்னால் சுங்கைப் பக்கமாக அடுப்படி. ஒவ்வொன்றுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டார். வெளியே வந்ததும் ஆட்சேபணை மனுவை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். என் தவறுக்கு அது ஈடாகும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல நடை என்று எனக்குத் தோன்றியது. படித்துக் காட்டினேன்.

“அழகா இருக்கு. இதுல நிக்கிறதுக்கு எடம் எங்க இருக்கு?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: “எழுதுங்க. துவான்மார்களே, முடிவு சொல்றதுக்கு முன்ன ஒருதரம் இங்க வந்து நின்னு பாருங்க. இவ்வளவுதான். கீழ பதினாலு பேரும் கைநாட்டு வைக்கிறோம்.”

மனுக்களை எடுத்த போர்டுக் கூட்டத்தில் கடைசிவரை படிக்கப்பட்ட ஒரே மனு அதுதான் என்று குமாஸ்தா பின்னர் என்னிடம் சொன்னார். போர்டின் தலைவராயிருந்த துரை நாற்காலியில் உட்கார்ந்து சலித்தவர். போய் நிற்போம் என்று நாள் குறித்துவிட்டார்.

துரை வருவதற்குள் பிளானைத் தோப்பில் இறக்கிவிடுவது என்று அக்கா முடிவு செய்தார். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தச்சர் அடிக்கோல் வைத்து, புதுச் சணல் கயிற்றில் மிகக் கவனமாக முப்பதடி அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சிட்டார். அதுதான் அளவுக் கயிறு. மறுநாள் விடிந்ததும் சாலையோர எல்லைக் கல்லில் தொடங்கினார்கள். அளவுக் கயிற்றைப் பிடித்து முளை அடிப்பது, அடுத்த மனைக்கு நகர்வது, மறுபடி முளை அடிப்பது. முளைக்கு முளை முழங்கால் உயரத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டினார்கள். அதுதான் சுவர். சந்துப் பக்கம் விட்ட இடைவெளி வாசல். பத்து மணிக்குள் தென்னை மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு வீடுகள் நின்றன.

கட்டிய வீட்டைச் சும்மா விட அவர்களுக்கு மனம் வரவில்லை. குடியேறினார்கள். நான் போனபோது மூன்றாம் வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான்காம் வீட்டுப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஒங்க அடுப்புப் பொகை எங்க வீட்டுக்குள்ள வருது!”

“சன்னலச் சாத்திக்க!”

“எங்க இருக்கு சன்னலு?”

“வைக்காதது ஒன் தப்பு!”

ஆறாம் வீட்டில் அக்காவின் கணவரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கட்டிலை அறைக்குள் எப்படித் திருப்பினாலும் அவர் பாதங்கள் கயிற்றைத் தாண்டி ஏழாம் வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

“கால மடக்குங்கண்ணே, அது எங்க கூடம்” என்றாள் ஏழாம் வீட்டுக்காரி.

“விருந்தாளி காலும்மா. பலகாரம் ஏதும் உண்டா?” என்றார் அவர். நான் அறிந்தவரை அன்று அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அக்கா மட்டும் விளையாடவில்லை. கடைசியில், பன்னிரண்டாவது வீட்டுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“பாருங்க பேப்பர்காரரே. பன்னெண்டு வீடும் கட்டியாச்சு. கட்டினதுக்கு அப்பறமும் கரைக்கு எட்டடி மிச்சம் இருக்கு. ஒரு மாடு போவும், ஒரு மாடு வரும். இந்த எட்டடிய பாதைன்னு பிளான்ல எழுதிட்டாப் போதும். மொதலாளிக்கும் நஷ்டம் இல்ல, எங்களுக்கும் தண்ணி உண்டு.”

கட்டைவிரலையும் குதிகாலையும் ஒட்டி வைத்து நானே அளந்தேன். எட்டடி இருந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினொரு மணிக்குத் துரை வந்தார். கூட இரண்டு உறுப்பினர்கள், மொழிபெயர்க்கக் குமாஸ்தா, குடையோடு முதலாளி, பிளானை வரைந்த சர்வேயர். சர்வேயர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, மெருகிட்ட காலணி. தன் தொழிலில் மதிப்புள்ளவர்.

துரை கயிற்றைப் பார்த்தார். அதைத் தாண்டிவரக் காலைத் தூக்கினார்.

“அய்யய்யோ துவான், அது சுவரு!” என்று முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

குமாஸ்தா மொழிபெயர்த்தார். துரை தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வாசலைக் கண்டுபிடித்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எந்தச் சுவரையும் தாண்டவில்லை. நான்காம் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஆறாம் வீட்டில் கட்டிலைப் பார்த்துவிட்டு, கால்களைப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். வழக்கு வென்றாயிற்று என்று நானும் என் குறிப்பேட்டில் எழுதினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கரையோரம் வந்ததும் அக்கா அந்த எட்டடியைக் காட்டினார். துரை சர்வேயரைப் பார்த்தார்.

“என்ர படத்தில இப்பிடி ஒரு இடம் இல்லை” என்றார் சர்வேயர். வரிசை நெடுகப் பார்வையை ஓடவிட்டார். சந்தேகம் வந்துவிட்டது. தன் சங்கிலி ஆளைக் கூப்பிட்டு இரும்புச் சங்கிலியை முதல் வீட்டின் முகப்பில் போட்டார். குனிந்து பார்த்தார்.

“இருபத்தெட்டரை அடி.”

இரண்டாம் வீட்டில் போட்டார். இருபத்தெட்டரை. மூன்றாவதிலும் அதே.

“ஒவ்வொரு காணியிலயும் ஒண்டரை அடி குறையுது. பன்னிரண்டுக்கும் பதினெட்டடி. நீங்கள் சொல்லுற எட்டடி எங்கயிருந்து வந்தது எண்டு இப்ப விளங்குதோ? ஆக்களைக் கூப்பிட்டு வைச்சு ஏமாத்தவோ பாக்கிறியள்?”

சிரிப்புச் சத்தம் நின்றது. தச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. “நான் முப்பதடி சரியா அளந்தேனே. சாமி சத்தியமா அளந்தேனே” என்றார். அளவுக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார் சர்வேயர். அது இருபத்தெட்டரை அடிதான் இருந்தது.

அக்கா கயிற்றைக் கையில் வாங்கினார். விரலால் நெருடிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இவரு மேல தப்பு இல்ல. நான்தான் ராத்திரி தொட்டியில ஊறப் போட்டேன். ஊறினதுல சுருங்கிடுச்சு.”

“ஏன் ஊறப் போட்டனீங்கள்?”

“புதுக் கயிறாச்சே. நனைக்காம யாராச்சும் போடுவாங்களா? கழுத்த அறுக்கும்லா.”

“ஆருடைய கழுத்தை?”

அக்கா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். இருபது வருஷமாகப் புதுக் கயிறு கையில் வந்தால் நனைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தவர். அது மாட்டுக்கு அல்ல, அளவுக்கு என்பது அவர் கைக்குத் தெரியவில்லை. மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களிலும் ஒருவராவது ஏன் நனைக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். எல்லாரும் மாட்டுக்காரர்கள். எவருக்கும் தோன்றவில்லை.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எட்டடி போச்சேம்மா!” என்றார், சற்று வருத்தமாகவே. எட்டடி போய்விட்டது. மாடு இறங்கும் வழி போய்விட்டது. சரிவில் அந்நேரம் அக்காவின் செவலைப் பசு முன்னங்காலைத் தண்ணீரில் ஊன்றிக் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தப்பு எங்க மேலதான்” என்றார். “அய்யா, அதனால உங்க சங்கிலியாலயே அளந்து குடுத்துருங்க. மொதக் கல்லுலேர்ந்து கடைசி மொளை வரைக்கும். நாங்க சுவர மாத்திக் கட்டுறோம்.”

“அவசியம் இல்லை. படம் சரி. பழைய கிராண்டுப் பத்திரத்தில இருக்கிற அளவை வைச்சுத்தான் கீறினது.”

“சரியாத்தான் இருக்கும். கடைசி மொளையில நின்னு பாத்தீங்களா?”

குமாஸ்தா இதையும் விடாமல் மொழிபெயர்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சர்வேயரைப் பார்த்து, அளக்கலாமே என்றார்.

அடுத்த அரைமணி நேரத்தைப் போல ஒரு காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. சங்கிலி சொன்ன இடத்துக்கு முளை நகர நகர, பன்னிரண்டு வீடுகளும் சுங்கையை நோக்கி நடந்தன. முதல் வீடு ஒன்றரை அடி நீண்டது. இரண்டாவதின் கடைசி முளை மூன்றடி தள்ளிப்போனது. மூன்றாம் வீட்டுக்காரி கொதிக்கும் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு, “வீடு மாத்துறோம், வழி விடுங்க!” என்று நகர்ந்தாள். ஆறாம் வீட்டுக் கட்டிலை ஆள் படுத்திருக்கவே தூக்கிப் போனார்கள். அவமானம் எங்கோ போய்விட்டது. சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. தச்சர் மட்டும் சங்கிலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பன்னிரண்டாவது வந்தது. சர்வேயர் பதினொன்றின் கடைசி முளையருகே நின்று, புத்தகத்தில் குறித்தபடியே சங்கிலி ஆளை முன்னே போகச் சொன்னார். இருபதடியில் அந்த ஆள் நின்றுவிட்டார்.

“இன்னும் பத்தடி. போம்.”

“சார்…”

“போம், போம்!”

சங்கிலி ஆள் போனார். சரிவில் இறங்கினார். செவலைப் பசு விலகி இடம் கொடுத்தது. சங்கிலி இறுகியதும் நின்று, அண்ணாந்து கூவினார்: “சார், அடுப்படிக்கு வந்துட்டேன். தண்ணி முட்டி வரைக்கும் இருக்கு.”

சிரிப்பில் தோப்பே அதிர்ந்தது. சர்வேயர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். கரைக்கு வந்தார். பழைய கிராண்டுப் படத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். அதைப் பார்த்தார், சுங்கையைப் பார்த்தார். பிறகு நீரின் நடுவே விரலை நீட்டினார்.

“கரை அங்க இருந்திருக்குது.”

சரிவில் எப்போதும் சேறும் சாணியும். பிளானுக்காக வந்த நாளில் காலணியை நினைத்து அவர் அந்தப் பக்கம் இறங்கி அளக்கவில்லை. பழைய படத்திலிருந்த கரையை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தப் படம் வரைந்த நாளிலிருந்து மழைக்கு மழை வெள்ளம் அறுத்து, நாளுக்கு இருமுறை குளம்புகள் மிதித்து, அந்த ஓரிடத்தில் கரை பத்தடி கரைந்து போயிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவலையின் காலடியில் ஒரு மண்கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

அக்கா போய் அதன் முதுகில் ஓர் அடி வைத்தார். “பத்தடியத் தின்னவ நீதானாடி?”

துரை பன்னிரண்டாவது வீட்டின் வாசல் எது என்று கேட்டார். காட்டினார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். கூடத்தில் நடந்தார். அறையில் நின்றார். அதற்கு மேல் போக முடியவில்லை.

“துவான் அடுப்படியப் பாக்க வேணாமா?” என்று யாரோ கேட்டார்கள். குமாஸ்தா மொழிபெயர்ப்பதற்குள் அவரே புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். பிளானை வாங்கி, பென்சிலால் பன்னிரண்டாம் எண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பதினொன்றாவது மனைக்கும் கரைக்கும் இடையே இருபதடி கிடந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார்.

சர்வேயர் நேர்மையான மனிதர். எல்லார் முன்னாலும் அக்காவிடம் வந்து சொன்னார்: “உங்கட கயிறு பிழை எண்டு சொன்னன். என்ர படமும் பிழைதான்.”

“அதெப்படி அய்யா? உங்க பிழை பத்தடி, எங்க பிழை பதினெட்டடி. நாங்கதான் பெரிய சர்வேயரு.”

“ஒரு வீட்ட மாடு தின்னுடுச்சு, போங்கலா” என்று முதலாளி குடையை விரித்தார்.

சாயங்காலம் கயிறுகளை அவிழ்த்தார்கள். சுருங்கிய அளவுக் கயிறு துண்டுகளாகி மூன்று கன்றுகளின் கழுத்துக்குப் போயிற்று. நன்றாக நனைந்த கயிறு. அறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய பிளான் அனுமதியாகி அதே சுவரில் தொங்கியது. அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பதினொரு கட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு அப்பால் சுங்கை வரை ஒன்றும் வரையாத வெள்ளை இடம். அதில் சிறிய எழுத்தில் இரண்டு சொற்கள்.

“என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர்தான் கடைசியில் படித்தார்: “காலி நிலம்.”

மாடிப்படியில் தகரத் தூக்கு மோதிய சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கா தலையைச் சாய்த்து அந்த வெள்ளை இடத்தையே பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றார். “இப்ப நின்னு பாத்துட்டு எழுதியிருக்காங்க.”

அங்கிருந்து தோப்புக்குப் போனோம். மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம். நான் செய்திக்காக அந்த இருபதடியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நேரே சரிவை நோக்கி நடந்தேன். கயிறு இல்லை, முளை இல்லை, வெறும் புல்.

“பேப்பர்காரரே!” என்று பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

திரும்பினேன். அக்கா சந்துப் பக்கமாகச் சுற்றிப் போய், ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் லேசாகத் தலையைக் குனிந்து, உள்ளே வந்து நிமிர்ந்து நின்றார்.

“சுவர மிதிக்காதீங்க. வாசல் வழியா வாங்க.”

நான் திரும்பிப் போய், வாசல் வழியாக வந்தேன்.